காவல் யாருக்காக?

கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. இடையே நெல்லும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு. விடியற்போதில் அம்மலைச் சரிவுகளில் காட்டுக்கோழி கூவுகிறது. அக்கோழியைச் சுடும் உரிமை யாருக்கு? அரசுகள் காலந்தோறும் அளித்த விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், பறவையின் கதையோடு மனிதர் ஏற்றத்தாழ்வின் கதையும் புலனாகக் காண்கிறோம்.

இப்பள்ளத்தாக்கு அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. அம்மாகாணத்தின் நீலகிரிக்கென 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வேட்டை கூடாத பருவத்தை வகுக்க அது வழிசெய்தது. அழிவைத் தடுப்பது நன்றே. ஆயினும் காத்தது எதற்காக? அடுத்த பருவத்தில் சுடுவதற்காக! 1882இன் சென்னை வனச் சட்டமோ, ஒதுக்குக் காடுகளில் விதி மீறி வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. உரிமம் பெற்ற துரைக்குக் காடு பொழுதுபோக்கு. கிழங்கும் தேனும் தேடி அங்கேயே வாழ்ந்த பளியன் கண்ணி வைத்தால் குற்றவாளி. இது நீதியாகுமா?

மலைமுகட்டுக்கு அப்பால் இருந்தது திருவிதாங்கூர் அரசு. 1895 முதல் நம் வயல்களுக்கு நீர் தரும் பெரியாற்று அணையின் ஏரியைச் சூழ்ந்த காட்டில், 1934இல் அவ்வரசு நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அமைத்தது. 'வேட்டை விலங்குச் சரணாலயம்' என்பதே அதற்கு இட்ட பெயர். புகலிடத்தின் பெயரிலும் வேட்டை! 1950இல் அது விரிவாக்கப்பட்டுப் பெரியாறு சரணாலயம் ஆயிற்று.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 'சிறு வேட்டை' என ஒரு பிரிவை வைத்து, உரிமத்துக்கு இடமளித்தது. 1991இல் வந்த திருத்தமே அந்த வேட்டை உரிமங்களை நீக்கிற்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பறவைகளை வளர்த்து வெளியே விட்டு, கட்டணம் பெற்றுச் சுடவிடும் வாணிபம் நடக்கிறது. அவ்வாணிபத்துக்கு இங்கே கதவு அடைபட்டது. பணம் படைத்தவனுக்கும் இல்லை, பதவி படைத்தவனுக்கும் இல்லை என்ற அந்தச் சமன்மையை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் சமன்மை அத்துடன் நிறைவுறுமா? 2006இன் வன உரிமைச் சட்டம், வேட்டையை விலக்கி, காட்டில் குடியிருக்கவும் தேன் முதலிய விளைபொருள்களைச் சேகரிக்கவும் பழங்குடியினருக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. காப்பகத்தின் எல்லைக்கல் நடப்படும் இடத்தில் அந்த உரிமையும் ஊன்றப்பட வேண்டும். வேட்டைக்காரத் துரை காட்டைவிட்டுப் போய்விட்டான்; பளியன் அங்கேயே வாழ்கிறான். கோழியின் கூட்டைக் காக்கும் சட்டம், அவன் குடிசையையும் காக்கட்டும். அதுவே முழுமையான காவல்.