மூடுபயிர் பூச்சியை விரட்டுகிறதா, பிடிக்கிறதா? கிழக்கு ஆப்பிரிக்க மக்காச்சோள வயல்கள் தரும் சான்று

மூடுபயிரைக் கொண்டு பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறைகளில் உலகம் அதிகம் அறிந்தது கென்யாவில் உருவான ‘தள்ளு–இழு’ முறை. பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையமான ஐசிப்பேயும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையமும் 1990களில் இதை வடிவமைத்தன. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடி தரையை மூடிப் படர்கிறது. வயலைச் சுற்றி நேப்பியர் புல் நிற்கிறது. டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியர் அதைத் தன்பால் இழுக்கும் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம். முறை பலன் தருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் விளக்கத்தின் மேல்தான். விளக்கம் பிழையானால், இம்முறையை வேறொரு மண்ணுக்குக் கொண்டுபோகிறவர் தவறான செடியை விதைப்பார்.

வாசனை விளக்கத்துக்கு வலுவான தொடக்கம் உண்டு. 1997இல் ஜியாவுர் கானும் உடனாய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, மெலினிஸ் புல்லை ஊடுபயிராக வளர்த்தபோது துளைப்பான் தாக்குதல் குறைந்ததையும், கொட்டேசியா என்னும் ஒட்டுண்ணிக் குளவியின் செயல்பாடு கூடியதையும் காட்டியது. அப்புல் வெளியிடும் ஓர் ஆவிச்சேர்மம் குளவியை ஈர்ப்பதும் அதில் நிறுவப்பட்டது. பின்னர் டெஸ்மோடியம் அந்த இடத்துக்கு வந்தது. சுடுமல்லிக் களையை அடக்கும், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், மாட்டுக்குத் தீவனமாகும் என்று உழவருக்கு அதில் ஆதாயங்கள் பல. விளக்கமும் கூடவே இடம்பெயர்ந்தது.

2016இல் அமெரிக்கப் படைப்புழு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தது. 2018இல் வெளியான ஆய்வொன்று, தனிப்பயிர் வயல்களைவிடத் தள்ளு–இழு வயல்களில் செடிக்குச் செடி புழுக்கள் சராசரியாக 82.7 விழுக்காடும், சேதம் 86.7 விழுக்காடும் குறைந்திருந்ததாகக் கண்டது. ஆனால் இவ்வெண்கள் புழுவையும் சேதத்தையும் பற்றியவை. தாய்ப்பூச்சி வராமல் போனதா, வந்து முட்டையிட்ட பிறகு புழு மடிந்ததா என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை.

விடையைத் தேடியவர்களுள் ஸ்வீடன் வேளாண் பல்கலைக்கழகக் குழு குறிப்பிடத்தக்கது. டெஸ்மோடியத்தைச் சூழ்ந்த காற்றில், முன்பு சொல்லப்பட்ட டெர்பீன் சேர்மங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பூச்சி கடித்த பின்பும் மிகச் சிறிதளவே கிடைத்தன. காற்றுச்சுரங்கச் சோதனையில், டெஸ்மோடிய வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் படைப்புழு அந்துப்பூச்சி மக்காச்சோளத்தை ஒரேபோல் நாடியது. ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழுக்கள் மக்காச்சோளத்தைவிட டெஸ்மோடியத்தையே விரும்பிச் சென்றன. சென்றவை வளரவில்லை, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வளர்ந்த புழுக்களோ சிலிக்கா ஏறிய நுண்மயிர்களில் குத்துண்டு, நகர முடியாமல் கிடந்தன. படைப்புழுக் குஞ்சுகள் நூல்விட்டுக் காற்றில் மிதந்து பரவுபவை. அவற்றில் பல விழும் இடம் தரைமூடிய இந்தச் செடிதான் என்றால், மூடுபயிர் இங்கே வேலியாக நிற்கவில்லை; வலையாக விரிந்திருக்கிறது.

எதிர்ச்சான்றும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க உழவர் வயல்களில் காற்றைச் சேகரித்த மற்றொரு குழு, டெஸ்மோடியத்தின் ஆவிச்சேர்மங்களைக் கண்டறிந்துள்ளது. ஆகவே வாசனையை அடியோடு தள்ளிவிட முடியாது. எனினும் செடியின் உடலை மறந்து மணத்தை மட்டும் பேசும் பழக்கம் நம்மைத் தடம் மாற்றியிருக்கிறது என்பதே என் கருத்து. இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் ஃபின்ச், காலியர் இருவரும் முட்டைக்கோஸ் வேர் ஈயைக் கொண்டு இதற்கு முன்பே ஒரு பாடம் தந்தார்கள். தாய் ஈ வெறும் மண்ணில் இறங்காது. பசுமையாகத் தெரியும் பரப்பில்தான் இறங்கும். முட்டைக்கோஸுக்குக் கீழே குளோவர் படர்ந்திருந்தால் ஈ பாதித் தடவை தவறான இலையில் இறங்கி, முட்டையிடாமலே போய்விடுகிறது. பச்சைக் காகிதமும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. காகிதத்துக்கு வாசனை ஏது?

இது நமக்கும் தொலைவான செய்தி அன்று. படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்து, பெரம்பலூர் வரையிலான மக்காச்சோள வயல்களைத் தாக்கியது. இங்கு ஊடுபயிராகப் பரிந்துரைக்கப்படுபவை உளுந்தும் பாசிப்பயறும், வரப்பில் தட்டைப்பயறு. இவை நல்ல பரிந்துரைகளே. தட்டைப்பயற்றில் சேரும் அசுவினி பொறிவண்டுகளைப் பெருக்குகிறது என்பது உழவர் கண்ணால் காண்பது. ஆனால் டெஸ்மோடியத்தின் சிலிக்கா நுண்மயிர்களைப் போன்றவை இவற்றில் உண்டு என்பதற்குச் சான்றில்லை. ‘பயறு விதைத்தோம், கென்யா கண்ட பலன் வரும்’ என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. இவற்றின் வலு இரைவிழுங்கிகளை வளர்ப்பதில் இருக்கலாம். அதை அந்த அளவுகோலால் அளக்க வேண்டும்.

மூடுபயிரே பூச்சிக்குப் பாலமாகும் ஆபத்தும் மெய்யானது. அமெரிக்காவில் ரை என்னும் தானிய மூடுபயிரில் முட்டையிடும் வேறொரு படைப்புழு இனம், அந்த ரையை அழித்தவுடன் அடுத்து முளைக்கும் மக்காச்சோளத்துக்குத் தாவுகிறது. அழிக்கும் நாள் தவறினால் நோக்கமே தலைகீழாகிறது.

எனவே இனி இங்கு நடக்கும் சோதனைகள் விளைச்சலையும் சேதத்தையும் மட்டும் எண்ணி நிற்கக் கூடாது. ஒவ்வொரு சோதனைத் திடலிலும் முட்டைக்குவியல்கள் தனியே எண்ணப்பட வேண்டும், முதல்நிலைப் புழுக்கள் தனியே, முதிர்ந்த புழுக்கள் தனியே. முட்டை குறைந்திருந்தால் விரட்டலுக்கோ, தாய்ப்பூச்சி இலை மாறி இறங்கியதற்கோ சான்று. முட்டை மாறாமல் புழு மட்டும் குறைந்திருந்தால், ஆராய வேண்டியது மூடுபயிரின் இலைப்பரப்பையும், மயிரடர்த்தியையும், அதில் ஒளிந்திருக்கும் சிலந்தி, எறும்பு, வண்டுகளையும்தான்.