வீட்டுக் கோப்பு வழங்கி

வீட்டுக் கோப்பு வழங்கி என்பது ஒரு வீட்டிலுள்ள கணினிகள், கைபேசிகள், தொலைக்காட்சி முதலியன பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்து, வீட்டின் உள் வலையமைப்பு வழியாக வழங்கும் கணினி ஆகும். சர்வர் என்று பரவலாக அறியப்படும் வழங்கிகளில் இது எளிய வகையைச் சேர்ந்தது. இதற்கெனத் தனிக் கருவிகள் விற்பனையில் உள்ளன. எனினும், பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய மேசைக் கணினி ஒன்றையே கட்டற்ற மென்பொருள்களின் துணையுடன் கோப்பு வழங்கியாக மாற்ற இயலும்.

குடும்ப ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், வருடிய ஆவணங்கள் முதலியன பல கருவிகளில் சிதறிக் கிடப்பதைத் தவிர்ப்பதே இதன் முதன்மைப் பயன். ஆனால் எல்லாக் கோப்புகளும் ஓரிடத்தில் சேரும்போது, எல்லாம் ஒரே நாளில் அழியும் வாய்ப்பும் உருவாகிறது. எனவே வழங்கியை அமைப்பது பாதி வேலை மட்டுமே. காப்புநகல் ஏற்பாடு அதன் மறுபாதி ஆகும்.

வரலாறு

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. நெறிமுறை, 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் உருவாக்கப்பட்டது. பின்னர் மைக்ரோசாப்ட் அதனை ஏற்று விரிவாக்கியது. யுனிக்ஸ் உலகில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ். நெறிமுறை பரவியது.

இவ்விரு உலகங்களையும் இணைத்த மென்பொருள் சாம்பா ஆகும். ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதிகளை உற்றுநோக்கி அந்நெறிமுறையைப் புரிந்துகொண்டு, 1992இன் தொடக்கத்தில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையால், எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் இதே வரிசையில் வரும் ஆங்கிலச் சொற்களைக் கணினியிலுள்ள சொற்பட்டியலில் தேடி, சாம்பா என்னும் பெயரைத் தேர்ந்தார். ஐரோப்பிய ஆணையம் 2004இல் அளித்த தீர்ப்பின் விளைவாக, 2007 டிசம்பரில் மைக்ரோசாப்டின் நெறிமுறை ஆவணங்களைப் பெறுவதற்கான உடன்பாடு சாம்பா குழுவினருக்குக் கிடைத்தது.

பழைய கணினியின் தகுதி

கோப்புகளை வழங்குவது செயலிக்கு எளிய பணி. ஒன்றிரண்டு பேர் பயன்படுத்தும் வீட்டில் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைமையான செயலியும் போதுமானது. ஆயினும் பின்வருவனவற்றைச் சோதித்தல் வேண்டும்.

* செயலி: 64 பிட்டு வகையினதாக இருத்தல் வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 பதிப்பிலிருந்து, 32 பிட்டுக் கணினிகளுக்கான நிறுவல் வடிவம் வழங்கப்படுவதில்லை. மாறாக, விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகள் பல இப்பணிக்கு மிகவும் ஏற்றவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால் அவை பெருமளவில் ஒதுக்கப்பட்டுள்ளன.
* நினைவகம்: வரைகலை இடைமுகம் இல்லாத டெபியனுக்கு 2 கிகாபைட்டு போதும். ட்ரூநாஸ் குறைந்தது 8 கிகாபைட்டு கேட்கும்.
* வலையமைப்பு இணைப்பு: நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள பழைய இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்டுகளே செல்லும். 1 டெராபைட்டுத் தரவை நகலெடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். கிகாபிட்டு இணைப்பில் அதே வேலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடியும். வழங்கியைத் திசைவியுடன் கம்பியால் இணைப்பதே நன்று.
* தாய்ப்பலகை: மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அப்பலகையைத் தவிர்க்க வேண்டும். கடிகாரத்திற்கான பொத்தான் மின்கலத்தை மாற்றிவிடுதல் நன்று. அது தீர்ந்திருந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் தேதியும் அமைப்புகளும் மறைந்துவிடும்.
* விசிறிகளும் தூசும்: ஓய்வின்றி இயங்கவுள்ளதால் விசிறிகள் தடையின்றிச் சுழல வேண்டும்.

மின்செலவு

பழைய கணினி இலவசமாகக் கிடைத்தாலும் அதன் மின்சாரம் இலவசமன்று. 60 வாட்டு எடுக்கும் கணினி இடைவிடாது இயங்கினால் நாளொன்றுக்கு 1.44 அலகும், ஆண்டுக்கு ஏறத்தாழ 525 அலகும் செலவாகும். 20 வாட்டு எடுக்கும் சிறு கருவிக்கு ஆண்டுக்கு 175 அலகு போதும். சில ஆண்டுகளில் இவ்வேறுபாடே ஒரு புதிய கருவியின் விலையை எட்டக்கூடும். ஆகவே வாட்டுமானியால் அளந்து பார்த்த பின்னரே முடிவெடுத்தல் நன்று.

தனி வரைகலை அட்டை, குறுவட்டு இயக்கி ஆகியவற்றை நீக்குவதும், இரவில் தானாக நிறுத்துவதும் செலவைக் குறைக்கும். வலையமைப்பு வழியே கணினியை எழுப்பும் வசதி பெரும்பாலான தாய்ப்பலகைகளில் உண்டு. எனவே தேவைப்படும்போது மட்டும் இயக்குவதும் சாத்தியமே.

வன்தட்டுகள்

கணினி பழையதாக இருக்கலாம்; தரவைத் தாங்கும் வன்தட்டு பழையதாக இருத்தல் கூடாது. பழைய தட்டை இயங்குதளத்திற்கு மட்டும் பயன்படுத்தலாம். அதற்கும் முன்பாக, தட்டு தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் குறிப்புகளைப் படிக்க வேண்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க இயலாமல் நிலுவையிலுள்ள பகுதிகளின் எண்ணிக்கையும் சுழியமாக இருத்தல் நலம். அவை உயர்ந்துகொண்டே சென்றால் தட்டைக் கைவிடுவதே முறை.

2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை முழுமையாகப் பயன்படுத்த, பழைய எம்.பி.ஆர். பகிர்வு அட்டவணைக்கு மாற்றாக ஜி.பி.டி. அட்டவணை தேவை.

இரண்டு தட்டுகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் முறை ரெய்டு 1 எனப்படும். ரெய்டு என்னும் கருத்தை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுரை பரவலாக்கியது. ஒரு தட்டு பழுதானாலும் வழங்கி நிற்காமல் இயங்க இது உதவும். ஆனால் இது காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு தட்டுகளிலும் அதே நொடியில் அழிகிறது. மின்னல், தீ, திருட்டு ஆகியவையும் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும்.

நிறுவும் முறை

1. பழைய கணினியிலுள்ள கோப்புகளை வேறிடத்திற்கு நகலெடுத்து, அவை திறக்கின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும்.
2. பயாஸ் அமைப்பில், விசைப்பலகை இல்லாமலும் தொடங்குதல், மின்தடை நீங்கியதும் தானாக இயங்குதல் ஆகிய இரண்டையும் தேர்வு செய்ய வேண்டும்.
3. இயங்குதளத்தை நிறுவ வேண்டும். கட்டளைவரி பழகியவர்களுக்கு டெபியன் போதுமானது. உலாவி வழியே நிர்வகிக்க விரும்புவோர், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2011 முதல் வெளிவரும் ஓப்பன்மீடியாவால்ட்டைப் பயன்படுத்தலாம். 2005இல் ஃப்ரீநாஸ் என்னும் பெயரில் தொடங்கிய ட்ரூநாஸ் மற்றொரு தெரிவு ஆகும்.
4. வழங்கிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்குமாறு திசைவியில் ஒதுக்கீடு செய்ய வேண்டும்.
5. எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைவிலிருந்து நுழைய முடிவதை உறுதிசெய்த பின்னர், திரையையும் விசைப்பலகையையும் கழற்றிவிடலாம்.
6. தரவுத் தட்டை அதற்கே உரிய அடையாள எண்ணால் ஏற்ற வேண்டும். தட்டுகளுக்கு இயங்குதளம் இடும் வரிசைப் பெயர்கள் மறுதொடக்கத்தின்போது மாறக்கூடும்.
7. சாம்பாவை நிறுவி, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கு உருவாக்க வேண்டும். சாம்பாவின் கடவுச்சொல், இயங்குதளத்தின் கடவுச்சொல்லிலிருந்து வேறானது என்பதை மறத்தலே தொடக்கநிலையாளர் நுழைய இயலாமல் திகைப்பதற்கு அடிக்கடி காரணமாகிறது.
8. ஒவ்வொருவருக்கும் தனி அடைவும், அனைவருக்கும் பொது அடைவும் அமைக்கலாம். பழைய ஒளிப்படங்கள் உள்ள அடைவை ஒருவர் மட்டுமே மாற்றவும், ஏனையோர் பார்க்க மட்டும் இயலுமாறும் அமைத்தல் விபத்துகளைத் தவிர்க்கும்.

மின்தடை மிகுந்த இடங்களில் யு.பி.எஸ். இன்றியமையாதது. யு.எஸ்.பி. இணைப்புள்ள யு.பி.எஸ். எனில், அதன் மின்கலம் தீரும் முன்னர் வழங்கி தானாக முறையாக அணையுமாறு செய்ய இயலும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

லினக்ஸ் கோப்பு முறைமைகள் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்ப் பெயர்களைத் தடையின்றி ஏற்கின்றன. ஆயினும் மூன்று சிக்கல்கள் எழுவதுண்டு.

முதலாவது, பெயரின் நீளம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்ட இயலாது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டிற்கும் 3 பைட்டுகள் தேவை. உயிர்மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு குறியீடுகளால் ஆனவை. 'கோவில்' என்னும் மூன்றெழுத்துச் சொல் 18 பைட்டுகளைக் கொள்ளும். விண்டோஸின் கணக்கு வேறு. அங்கே பெயரின் வரம்பு 255 குறியீடுகள் ஆகும். எனவே அங்கு ஏற்கப்பட்ட நீண்ட பெயர், வழங்கிக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படலாம்.

இரண்டாவது, ஒரே பெயரின் இரு வடிவங்கள். 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிள் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அவற்றிலிருந்து நேரடியாக நகலெடுத்தால், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கோப்புகள் ஒரே அடைவில் அமையக்கூடும். ஒன்றைப் படியென்று கருதி அழிக்கும் முன் இரண்டையும் திறந்து பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பழைய குறியாக்கங்கள். திஸ்கி, டாப், டாம் காலத்துக் கோப்புகளின் பெயர்களும் உள்ளடக்கமும் பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றும். அவை பழுதானவை அல்ல. ஒருங்குறிக்கு மாற்றினால் மீண்டும் படிக்க இயலும்.

பாதுகாப்பு

எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற் பதிப்பைப் பயன்படுத்துதல் கூடாது. 2017 மே 12 அன்று தொடங்கி உலகெங்கும் பரவிய வான்னாக்ரை பிணையத்தீம்பொருள், விண்டோஸில் அப்பதிப்பைச் செயற்படுத்திய நிரலிலிருந்த குறையின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. 2019இல் வெளியான சாம்பா 4.11 அதனை இயல்பாகவே முடக்கிவிட்டது. பழைய வருடிகளும் ஊடக இயக்கிகளும் அதனைக் கேட்கலாம். அவற்றுக்காக முழு வழங்கியையும் திறந்துவிடுதல் தகாது.

எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445ஆம் எண் துறையைத் திசைவியில் இணையத்திற்குத் திறந்து வைத்தல் கூடாது. வெளியூரிலிருந்து அணுக வேண்டுமெனில் வயர்கார்டு போன்ற மறையாக்கப்பட்ட தனிவழியை அமைத்தல் வேண்டும்.

காப்புநகல்

மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. வீட்டளவில் இதனை எளிதாக நிறைவேற்றலாம். இரண்டு வெளி வன்தட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் காப்புநகல் எடுக்கும்போது மற்றொன்றை உறவினர் வீட்டில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். எப்போதும் இணைக்கப்பட்டிருக்கும் தட்டைத் தீம்பொருளும் எட்டும். அலமாரியில் இருக்கும் தட்டை அது எட்டாது.

டிரிட்ஜெலும் பால் மக்கராசும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க், மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுப்பதால் இதற்கு ஏற்றது. இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மூலத்தில் இல்லாததைப் படியிலும் அழிக்கும் தெரிவை இட்டால், தவறுதலான அழிப்பும் படிக்குச் சென்றுவிடும். அதனால் பழைய நிலைகளைத் தேதிவாரியாக வைத்திருத்தல் நன்று. மேலும், வெளித்தட்டு ஏற்றப்படாத நிலையில் ஆர்சிங்க் இயங்கினால், படிகள் அதே பெயருடைய வெற்று அடைவில், அதாவது வழங்கியின் சொந்தத் தட்டிலேயே எழுதப்படும். பயனர் காப்புநகல் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். தட்டு ஏற்றப்பட்டுள்ளதைச் சோதித்த பின்னரே நகலெடுக்குமாறு நிரல் எழுதப்பட வேண்டும்.

மீட்டுப் பார்க்கப்படாத காப்புநகலைக் காப்புநகலாகக் கருத இயலாது. ஆண்டுக்கு இருமுறையேனும் சில கோப்புகளை வெளித்தட்டிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். வழங்கியின் கடவுச்சொற்களையும் தட்டுகளின் இருப்பிடத்தையும் தாளில் எழுதி வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அறிவித்தல் அவசியம். அமைத்தவர் இல்லாத நாளிலும் அக்குடும்பத்தின் படங்கள் திறக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* சாம்பா
* டெபியன்
* ரெய்டு
* ஒருங்குறி
* மின்கழிவு