ஆவாரம்பட்டையும் கமலைத் தோலும்

போடிமெட்டு ஏறிப் போய் ஏலப்பூ பார்த்துட்டு வந்து வரையப் பழகினேன் மக்கா. முதல்ல தண்டுக்கு ஒரு வளைவு, அப்புறம் பூ, கடைசியாத்தான் இலை. பேப்பர்ல அழகா வந்துச்சு. மிச்சமாக் கிடந்த செருப்புத் தோல்ல கீறினா, கோடே நிக்கலை!

ஏன்னு தேடினா கதை 1903க்குப் போகுது. சென்னை ஓவியப் பள்ளியில (இன்னிக்குக் கவின்கலைக் கல்லூரி) ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடலைச் சோதிக்க ஆரம்பிச்ச காலம். கமலைத் தோல் தண்ணியில ஊறிச் சீக்கிரமே அழுகிடும். குரோம் தோல் தாங்கும். சம்சாரிக்கு லாபம்தான். ஆனா பூ செதுக்க, தோல் தண்ணி குடிச்சுக் களிமண்ணா இளகணும். அங்கதான் குரோம் கைவிரிச்சிடுது. பட்டைத் தோல்தான் வேணும்.

எந்தப் பட்டை? நம்ம ஆவாரம்பட்டை! ‘ஈஸ்ட் இந்தியா’ தோல்னு லண்டனுக்குக் கப்பலேறினது இதுல பதனிட்டதுதான். பக்கத்துல திண்டுக்கல்லும் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பிற்பாடு வாட்டில் பட்டை வந்து ஆவாரையை ஓரங்கட்டிடுச்சு.

நான் ஏலப்பூவுக்காக மலையேறினப்ப அடிவாரம் பூரா மஞ்சளாப் பூத்துக் கிடந்தது இதே ஆவாரை. கண்டுக்கவே இல்லை :-) இப்போ பட்டைத் தோல் துண்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. அதுல அஞ்சு இதழ். மூணாவது இதழ் மட்டும் இன்னும் கோணலாத்தான் வருது.