ஓரத்தில் இரண்டு புள்ளிகள்

ஈரோட்டிலிருந்து காவிரியோடு கீழே போனால், குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி. அங்கே இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தை 1950-ல் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள், மோன்சானினும் லெ சோவும் தொடங்கினார்கள். காவித்துணி, சம்மணமிட்ட வழிபாடு என்று நம்மூர் மடம் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதன் வேர், ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய 73 அத்தியாயத் துறவு விதிநூலில் இருக்கிறது.

அந்த நூலின் மிகப் பழைய பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள 'ஹாட்டன் 48'. சுமார் கி.பி. 700. ஆனால் பெனடிக்டின் சொற்களுக்கு இன்னும் நெருக்கமானது அதைவிட நூறு வருஷம் இளையது: சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நூலகத்திலுள்ள 914-ஆம் எண் சுவடி. 1898-ல் லுட்விக் டிராவுபே இதை நிறுவினார். பழையது எப்படித் தோற்றது?

பெனடிக்டின் லத்தீனில் பேச்சுவாடை அடிக்கும். படித்தவர்களுக்கு அது பிழை. நகலெடுத்தவர்கள் திருத்திக்கொண்டே போனார்கள். ஹாட்டன் 48 அப்படித் திருத்தப்பட்ட வழியில் வந்தது.

பெனடிக்ட் கைப்பட எழுதியதாக நம்பப்பட்ட பிரதி மோன்தே கசினோ மடத்தில் இருந்தது. பேரரசர் சார்லமேன் அதிலிருந்து நகல் எடுக்கவைத்து ஆகன் நகருக்கு வரவழைத்தார். சுமார் 817-ல் ரைஹெனாவ் மடத்துத் துறவிகள் கிரிமால்டும் தாத்தோவும் அந்த நகலைப் பார்த்து எழுதினார்கள். 914 அவர்கள் வேலையின் வாரிசு.

தங்கள் நூலகர் ரெகின்பெர்ட்டுக்கு அவர்கள் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்கிறார்கள். இலக்கணப்படி சரியான பாடங்களை மற்ற பிரதிகளிலிருந்து திரட்டி, இரண்டு புள்ளி வைத்து, ஓரத்தில் எழுதினார்களாம். உ.வே.சா. பதிப்புகளில் அடிக்குறிப்பாக வரும் பாடபேதம் போல. இலக்கணம் தெரியாதவர்கள் இல்லை, தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டவர்கள். 896-ல் அந்த மூலப் பிரதி தெயானோவில் தீக்கிரையானது. அதற்குள் அதன் சொற்கள் ஆல்ப்ஸைத் தாண்டியிருந்தன.

நூலின் முதல் சொல்லுக்குப் பொருள் 'கேள்'. சீரான லத்தீனில் அது 'அவுஸ்குல்தா'. 914-ல் 'ஒப்ஸ்குல்தா'. நாக்கில் புழங்கிய வடிவம்.

இதைப் படித்தபோது கொஞ்சம் கூசியது. நாலு வருஷம் முன்னால் அம்மிச்சி சொன்ன கதைகளை போனில் பதிந்து, டைப் செய்தேன். "வெள்ளம் வந்தப்ப வாய்க்காலுக்கு அக்கட்டால போயிட்டோம் கண்ணு" என்றார். நான் 'வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்' என்று எழுதினேன். எல்லா இடத்திலும் இப்படித்தான். வாசித்துக் காட்டியபோது, "இது ஆரு பேசறது?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு வரி கோடை மாற்றினாலும் பழைய வரி கிட்டில் பத்திரமாக இருக்கும். அம்மிச்சியின் ஒலிப்பதிவோ பழைய போனோடு போயிற்று. இப்போது அவரும் இல்லை. கையில் இருப்பது என் ஹாட்டன் 48 மட்டும். நினைவிருக்கும் இடங்களில் அவர் சொல்லைத் திரும்ப எழுதி, என் சொல்லை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். 'அக்கட்டால' திரும்பிவிட்டது. பல இடங்களில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.