கொடியும் கொழுகொம்பும்

கொடி என்பது தமிழிற் பல பொருள் குறித்து வழங்கும் ஒரு சொல். பற்றிப் படருஞ் செடியையும், கோட்டை மதிலில் அரசர் உயர்த்திய பதாகையையும், ஒரு குலத்தின் வழிமுறையையும் அது குறிக்கும். கருவிலுள்ள குழவியைத் தாயோடு பிணிப்பது தொப்புட்கொடி. யாழ்ப்பாணத்து மணமகளின் கழுத்தில் ஏறுவது தாலிக்கொடி. நீண்டு மெலிந்து பிறிதொன்றைச் சார்ந்து நிற்பது என்னுங் கருத்து இவை அனைத்திற்கும் பொதுவாய் அமைந்திருத்தல் காணலாம். சொல்லின் இப்பொதுமையே இலக்கியங் கற்பார்க்கு ஓர் இடர்ப்பாட்டையும் விளைத்துவிட்டது. கொடி என்று கண்ட அளவில், அது மென்மைக்கும் துணையின்றி நில்லாமைக்கும் உவமை என்று கூறி அப்பாற் செல்லுதல் உரை சொல்வார் பலர்க்கும் வழக்கமாயிற்று. எக்கொடி, அது எவ்வாறு ஏறுகின்றது என்று வினவுவார் சிலரே. வினவின், பழைய புலவர் உள்ளம் இன்னுஞ் சிறிது தெளிவாகப் புலப்படும்.

கொடிகள் ஏறும் முறை ஒன்றன்று. அவரை தன் தண்டு முழுவதையும் கொம்பிற் சுற்றிக்கொண்டு ஏறும். வெற்றிலையும் மிளகும் கணுக்களில் வேர் விட்டு, முருக்கமரத்தின் பட்டையோடு ஒட்டி ஏறுவன. பிரம்பு, வளைந்த முட்களாற் பிற மரங்களைக் கொளுவிக்கொண்டு காட்டின் உச்சியை எட்டும். பாகலும் புடோலும் பீர்க்கும் இவை ஒன்றுஞ் செய்வதில்லை. நூல்போன்ற பற்றுக்கம்பிகளை வெளியே நீட்டி, அகப்பட்டதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன.

இப்பற்றுக்கம்பி எல்லாச் செடியிலும் ஒரே உறுப்பன்று என்பது தாவரவியலார் கண்ட சுவையான உண்மை. பட்டாணியிற் சிற்றிலைகளே கம்பியாகத் திரிந்துள்ளன. முடக்கொத்தானிற் பூங்கொத்தின் அடியில் அது தோன்றும். பிரண்டையிலும் முந்திரிகையிலும் இலைக்கு எதிரே கணுவிற் பிறக்கும். முந்திரிகைப் பந்தரை ஊன்றி நோக்குவார், ஒரு பாதி கம்பியாகவும் மறு பாதி சிறு குலையாகவும் அமைந்த உறுப்பைச் சிலபோது காண்பர். கம்பியும் குலையும் ஒரே முளையின் இரு முடிபுகள் என்பதற்கு அதுவே சான்று. 2002ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர், ஜிபரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளுக்கு இணங்காத ஒரு முந்திரிகை வகையிற் கம்பி தோன்றவேண்டிய இடமெங்கும் பூங்கொத்தே தோன்றுதலைக் காட்டி இதனை உறுதிப்படுத்தினர். பற்றுதற்கு எழுந்த உறுப்புக் காய்த்தற்கும் உரியதாய் இருந்தது.

இவ்வுறுப்பை முறையாக ஆராய்ந்த வரலாறு 1827ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது எனலாம். அவ்வாண்டில் ஜேர்மனியிலே பாம் என்பவரும் மோல் என்பவரும் ஏறுகொடிகளைப் பற்றித் தனித்தனியே நூல் வெளியிட்டனர். சுற்றி ஏறுந் தண்டுக்கும் மந்தமான ஒரு தொடுவுணர்ச்சி உண்டு என்பது மோலின் கருத்து. முப்பது ஆண்டு கழித்து, 1858இல், அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஏசா கிரே, வெள்ளரிக் குடும்பச் செடியொன்றின் பற்றுக்கம்பி தொட்டவுடன் வளைதலைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். அக்குறிப்பைப் படித்தவர் சார்ள்ஸ் டார்வின். கிரே அனுப்பிய விதைகளை அவர் முளைக்கவைத்து, நோயால் வெளிச்செல்ல இயலாதிருந்த காலத்திலே, தம் அறையிற் சாடியில் வளர்ந்த கொடிகளை நாழிகைதோறும் நோக்கிக் குறித்தார். 1865இல் இலண்டன் இலின்னேயன் கழகத்தின் இதழில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. 1875இல் திருத்திய நூலாயிற்று. உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலால் எழுந்த ஆரவாரத்தினிடையே இந்நூல் பலர் கண்ணிற் படவில்லை. எனினும், பொறுமையாக நோக்குதல் என்பது யாது என்று மாணவர்க்குக் காட்டுதற்கு இதனிலும் ஏற்ற நூல் அரிது.

டார்வின் கண்டவற்றுள் முதன்மையானது, கொடியின் நுனி சும்மா கிடப்பதில்லை என்பது. அது வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். ஹொப் என்னுங் கொடியின் இளந்தண்டு ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 2 மணி 8 நிமிடம் செல்லும். கிரே அனுப்பிய செடியின் கம்பியோ அதனினும் விரைவானது. காற்றில் வெறுமையைத் துழாவி, ஒரு கொம்பிற் படும்வரையும் அவை தேடுகின்றன. சுற்றுந் தண்டுக்கு மோல் கூறிய தொடுவுணர்ச்சியை மறுத்த டார்வின், பற்றுக்கம்பிக்கோ அவ்வுணர்ச்சி வியக்கத்தக்க நுண்மையாய் உண்டு என்று நிறுவினார். கொடித்தோடை இனத்துச் செடியொன்றன் கம்பிநுனியில் 2 மில்லிகிராம் அளவே எடையுள்ள ஒரு நூல்வளையத்தை வைத்தபோது அது வளைந்தது. ஆனால் மழைத்துளி வீழ்ந்தால் அக்கம்பி அசைவதில்லை. இதன் காரணத்தை 1885இல் பெப்பர் என்னும் ஜேர்மானிய அறிஞர் மேலும் விளக்கினார்: வழுவழுப்பான ஈரப்பொருள் எத்துணை அழுத்தினும் கம்பி பொருட்படுத்தாது, சொரசொரப்பான ஒன்று உராய்ந்தாற்போதும். நீரையும் கொம்பையும் வேறு பிரித்து அறியும் அறிவு அதற்குண்டு.

கொம்பைப் பற்றியபின் நிகழ்வது இன்னும் விந்தையானது. கம்பி சுருள்கின்றது, சுருண்டு, செடியைக் கொம்பின் அருகே இழுக்கின்றது. இரு முனையும் கட்டுண்ட ஒரு நூலை ஒரே புறமாகச் சுருட்டினால் அது முறுக்குண்டு சிக்கிக்கொள்ளும். ஆகவே கம்பி பாதி வலமாகவும் பாதி இடமாகவுஞ் சுருண்டு, நடுவில் ஒரு நேரான துண்டை விட்டுவைக்கின்றது. பாகற்பந்தரின் கீழ் நின்று பார்ப்பார் எவருக்கும் இது தெரியும். இச்சுருள் வில்போல நெகிழ்ந்து கொடுப்பதனாலேயே புயற்காற்றிலுங் கம்பி அறுவதில்லை. பெருங்காற்று வீசிய ஒருநாள் டார்வின் வேலியருகே சென்று நின்று, கொடி காற்றை எதிர்த்துத் தாங்கியதை நோக்கி, அதனை நங்கூரம் பாய்ச்சிய கப்பலுக்கு ஒப்பிட்டார். சுருள் திசைமாறும் இவ்வியல்பின் கணிதத்தை 1998இல் கோரியெலி, தாபோர் என்போர் வகுத்தனர். கம்பியின் உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் அமைந்த நார்ப்பட்டை சுருங்குதலே சுருளுதற்குக் காரணமென்று வெள்ளரியை ஆராய்ந்தோர் 2012இற் காட்டினர். அத்துடன், முதிர்ந்த சுருளை இழுத்தால் அது முதலில் அவிழாது, மேலுஞ் சுருளும் என்பதும் அவர்கள் கண்டதே.

ஈண்டுத் தொல்காப்பிய மரபியலை நினையாதிருத்தல் இயலாது. உயிர்களை அறிவின் தொகையாற் பகுத்த ஆசிரியர், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார். அவ்வோரறிவு உற்றறிவு, அஃதாவது தொட்டு அறிதல். இதனை எடுத்துக்காட்டி, டார்வின் கண்டதை நம் முன்னோர் முன்னரே கண்டனர் என்று மேடையிற் கூறுவாருளர். அது மிகையாகும். தொல்காப்பியர் பற்றுக்கம்பியை வைத்து அளந்தாரல்லர். நெறியறிந்தோர் வழக்கென்றே தம் பகுப்பைக் கூறினார். ஆயின், தாவரத்துக்குரிய அறிவு எது என்று எண்ணியபோது, கண்ணையும் செவியையும் விடுத்துத் தொடுவுணர்வையே தேர்ந்தமை, தோட்டத்தையும் காட்டையும் நோக்கி வாழ்ந்த மக்களின் தேர்வு என்பதில் ஐயமில்லை. அந்த அளவே பெருமைக்குப் போதும்.

இனி, தமிழிலக்கியத்துக் கொடிகளுள் தலைமை பெற்றது பாரியின் முல்லை. பறம்புமலைத் தலைவன் வழியிற் கண்ட முல்லைக்குத் தன் தேரை விட்டுச்சென்றமையைச் சிறுபாணாற்றுப்படை எழுவர் வள்ளல்களைக் கூறுமிடத்திற் கூறும். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துச்சென்ற கபிலர், புறநானூற்றின் 200, 201ஆம் பாட்டுக்களில் அதனை நினைவுகூர்வர். பழமொழி நானூறோ இதனையும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததனையும் ஒருங்கு வைத்து, அறிந்தே செய்யும் இத்தகைய மடமை சான்றோர்க்கு அழகு என்ற கருத்தில் அறிமடம் என்னும். பிற்காலத்தார் அழகை மறந்து மடத்தை மட்டும் பிடித்துக்கொண்டனர். ஒரு கழியை ஊன்றினாற் போதாதோ என்று வகுப்பறையில் நகையாடும் மாணவர் இன்றும் உளர்.

முல்லையின் இயல்பை நோக்கினால் இந்நகைக்கு ஒரு மறுமொழி கிடைக்கும். முல்லை என்று பெரும்பாலுங் கொள்ளப்படும் ஜஸ்மினம் ஓரிகுலேட்டம் என்னுஞ் செடிக்குப் பற்றுக்கம்பி இல்லை. ஒட்டும் வேரும் இல்லை. கொளுவும் முள்ளும் இல்லை. தண்டு சாய்ந்தும் சுற்றியும் ஏறவேண்டியதே. பாகலைப்போல ஒரு கையை நீட்டி அயலிலுள்ளதைப் பிடித்து இழுக்க அதனால் இயலாது. புலவர் சொன்ன கொடி, கொடிகளுள்ளும் கைவறியது. வாழ்த்துதற்கு நாவும் அதற்கில்லை என்பது கபிலர் சுட்டிய நயம். நாவில்லாததைக் கபிலர் கூறினார். கையில்லாததைத் தாவரவியல் கூறுகின்றது. கேட்கவும் பற்றவும் இயலாத ஒன்றுக்கு, அது கேளாமலே, தன்னிடம் அப்போது இருந்ததைக் கொடுத்தவன் பாரி. வழியிற் செல்பவன் கையிற் கழி இருந்திலது, தேர் இருந்தது. மூவேந்தர் முற்றுகையாற் பறம்பிழந்த குடியின் துயரைக் கண்ணெதிரே கண்ட கபிலர், பாரியின் கொடைகள் பலவற்றுள்ளும் இதனை எடுத்து ஓதியமைக்குக் காரணமும் அதுவே போலும். கொழுகொம்பிழந்து நின்ற பாரிமகளிரை வேறொரு வேளிடம் கொண்டுசென்று, இவர்களை ஏற்றுக்கொள் என்று வேண்டும் பாட்டுக்கள் அவை. தம் தந்தை தேர் கொடுத்த கொடியின் நிலையில் அம்மகளிரே அன்று நின்றனர்.

காந்தளின் நிலை வேறு. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலில் நிற்பது அது. அதன் இதழைப் புலவர் மகளிர் விரலுக்கு ஒப்பிட்டனர். ஆனால் அச்செடி உண்மையில் விரல்போலப் பற்றுவது பூவினால் அன்று, இலையினால். இலையின் நுனியே நீண்டு சுருண்டு கொக்கியாகிப் புதரைப் பிடிக்கும். மலரின் செம்மை கண்ணைக் கவர்ந்துவிடுவதால் இலைநுனி பலர்க்குத் தெரிவதில்லை. காந்தட் பேரினத்துச் செடியொன்றை டார்வினும் வளர்த்து, இலையால் ஏறுவனவற்றுள் வைத்து விரித்துரைத்தார்.

கொடியைப் பெண்ணுக்கும் மரத்தை ஆணுக்கும் ஒப்பிடும் மரபு வடமொழியிலும் பிறமொழியிலும் பரந்தது. காளிதாசரின் சகுந்தலை தான் வளர்த்த கொடி தேமாவைத் தழுவியதைக் கண்டு மகிழ்வாள். கணவன் வீடு செல்கையில் அக்கொடியிடம் விடைபெறுவாள். உரோமரும் முந்திரிகையை எல்ம் மரத்திற் படரவிட்டு, அதனை மணம் என்றே பேசினர். தமிழ்ப் பத்தி நூல்களில் இவ்வுவமை ஆண்பெண் எல்லையைக் கடந்தது. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்திற் கொம்பற்ற கொடியாகத் தம்மையே கூறிக்கொள்வர். அலமருதல் என்னுஞ் சொல்லை அங்கே அவர் ஆண்டமை கருதத்தக்கது. அது வாடிக் கிடத்தலன்று, சுழன்று தடுமாறுதல். கொம்பு காணாத கொடிநுனி வட்டமிட்டு உழல்வதைக் கண்டறிந்தவர் வாக்கு அது. மெலிவுக்கு மட்டும் உவமையென்று உரைப்பார் இவ்வியக்கத்தை இழந்துவிடுகின்றனர்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இந்நாட்டிலே கல்லிற் பொறித்துக் கிடக்கின்றது. பாளி நூல்களில் மாலுவா என்னுங் கொடி வேட்கைக்கு உவமை. தம்மபதத்தின் வேட்கை பற்றிய அதிகாரம் அதனை ஆளும். மச்சிம நிகாயத்தின் 45ஆம் சூத்திரம் ஒரு கதையாகவே விரிக்கும்: சாலமரத்தின் அடியில் மாலுவாக் கொடியின் விதை வீழ்கின்றது, அம்மரத்துறை தெய்வம் முதலில் அஞ்சி, பின்பு அக்கொடியின் மெல்லிய தளிர் தீண்டும் இன்பத்தில் அச்சத்தை மறக்கின்றது, கொடி ஓங்கிக் கிளைகளை மூடி முறித்துவிடுகின்றது. இங்கே இரக்கத்துக்குரியது கொடியன்று, மரம்.

அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில், தீக்கொழுந்து வரிசைக்கும் விலங்கு வரிசைக்கும் உள்ளே அன்னங்களுக்கு முன்பாக ஓடும் கொடிவரிசையைச் சிங்களச் சிற்பியர் லியவெல என்பர். அக்கொடி வேட்கையைக் குறிப்பது என்று பேராசிரியர் செனரத் பரணவிதான 1954இல் எழுதிய கட்டுரையிற் பொருள் கண்டார். அலங்காரமே அன்றி வேறில்லை என்று மறுப்பாரும் உளர். ஒவ்வொரு கோட்டிற்கும் தத்துவம் காண்பது அளவிறந்த செயலே. எனினும் மாலுவாக் கதையைக் கேட்டு வளர்ந்த துறவியர் மிதித்துச் சென்ற படியில் அக்கொடி இருத்தலின், பரணவிதானவின் கருத்தை எளிதில் ஒதுக்கல் தகாது.

சிற்பத்துக் கொடிக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு என்பதை 1893இல் வியன்னாவின் அலோய்ஸ் ரீகல் நிறுவினார். எகிப்தியத் தாமரையிலிருந்து கிரேக்கர் வழியாக அராபிய அணிவேலை வரையும் ஒரு கொடியோட்டம் கலைஞர் கைமாறி வளர்ந்தது, ஒவ்வொரு காலத்தும் இயற்கையைப் பார்த்துப் புதிதாக வரைந்ததன்று என்பது அவர் முடிபு. கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பாரூத் வேலியின் மேற்கல்லில் நெளிந்தோடும் கொடியும், தமிழ்நாட்டுக் கோயிற் சிற்பிகள் கொடிக்கருக்கு என வழங்கும் வேலைப்பாடும் இவ்வாறே கைவழியாக வந்தவை. அதனாற்போலும் அவற்றிற் பெரும்பாலானவை எச்செடியென்று பெயர் கூற இயலாதனவாய் உள்ளன. பொலன்னறுவையில் நிசங்கமல்லன் (1187–1196) எடுத்த மண்டபம் இதற்கு ஒரு விலக்கு. லதா என்பது கொடியின் பெயராயினும், நிசங்க லதா மண்டபத்தின் தூண்கள் வளைந்து எழுந்து அரும்பில் முடியுந் தாமரைத் தண்டின் வடிவின. மேற்கூரை அழிந்துபோயிற்று, தாங்குவதற்கு ஒன்றுமின்றியும் வளைந்த தண்டுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.