தென்னை நிழலில் என்ன மரம் நடலாம்? பசுமைமாறா மரங்களைத் தேர்வு செய்யும் முறை

தென்னந்தோப்பில் இரண்டு மரங்களுக்கு இடையே கிடக்கும் இடத்தில், ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் ஒரு மரத்தை வளர்த்து வருமானம் பார்க்கப் பலரும் விரும்புகிறார்கள். நெல், காய்கறியில் தவறு நடந்தால் அடுத்த பட்டத்தில் சரிசெய்யலாம். மரத்தில் நடந்த தவறு ஏழெட்டு ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். எனவே கன்று வாங்கும் முன் வெயிலைக் கணக்கிடுவது அவசியம்.

வெயிலை அளப்பது எப்படி?

நட நினைக்கும் இடத்தைக் காலை 9 மணி, நண்பகல் 12 மணி, மாலை 3 மணி என மூன்று வேளையும் பாருங்கள். மூன்று வேளையும் ஓலை வழியே சல்லடையாக வெயில் விழுந்தாலும், மூன்று, நான்கு மணி நேரம் நேரடி வெயில் கிடைத்தாலும் அது அரை நிழல். மூன்று வேளையும் தரையில் வெயிலே தெரியாவிட்டால் அங்கு காய்க்கும் மரம் எதுவும் வேண்டாம்.

தென்னையின் வயதையும் பாருங்கள். 8 முதல் 25 வயது வரையுள்ள தோப்பில் நிழல் அடர்த்தி அதிகம். 25 வயதைத் தாண்டி மரம் உயர்ந்த பிறகு வெளிச்சம் நன்றாக இறங்கும். ஊடுமரம் நட இதுவே ஏற்ற காலம். தென்னை இடைவெளி 25 அடி இருப்பது நல்லது. 20 அடிக்கும் குறைவாக நெருக்கி நட்ட தோப்பில் ஊடுமரம் தேறாது.

எந்த இடத்துக்கு எந்த மரம்?

ஜாதிக்காய்: அரை நிழலுக்கு மிகவும் ஏற்ற மரம். ஈரக்காற்றும், வடிகால் உள்ள மண்ணும், கோடையில் தண்ணீரும் வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, கன்னியாகுமரி, தென்காசி மலையடிவாரப் பகுதிகளுக்கு உகந்தது.

கோகோ: தென்னை வரிசைகளுக்கு நடுவே 10 அடிக்கு ஒன்றாக நடலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கும். ஆண்டுதோறும் கவாத்து செய்ய ஆள் வேண்டும். அணில், எலித் தொல்லையும் உண்டு. காயை வாங்குபவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

பட்டை: மலையடிவாரத் தோப்புக்கு ஏற்றது. தரையை ஒட்டி வெட்டினால் பல தண்டுகள் துளிர்க்கும். அவற்றிலிருந்துதான் பட்டை உரிக்க வேண்டும்.

மங்குஸ்தான், கிராம்பு: குளிர்ந்த, ஈரமான மலைப்பகுதிக்கு மட்டும். நீலகிரிச் சரிவில் உள்ள பர்லியாறு அரசு தோட்டக்கலைப் பண்ணையில் இம்மரங்களை நேரில் பார்க்கலாம்.

மா, சப்போட்டா, எலுமிச்சை ஆகியவையும் பசுமைமாறா மரங்களே. ஆனால் நிழலில் நட்டால் வெயிலைத் தேடி ஒல்லியாக உயருமே தவிர, சரியாகக் காய்க்காது. அனல்காற்று வீசும் வறண்ட பகுதிகளில் ஜாதிக்காய்க்குச் செலவிடுவதைவிட, தோப்பின் வெயில் படும் ஓரத்தில் சப்போட்டா நடுவது நல்லது.

ஜாதிக்காய்க் கன்று வாங்கும்போது கவனம்

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம்தான். விதைக்கன்று 20 நட்டால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். அது பூக்கும் வரை, அதாவது ஆறு முதல் எட்டு ஆண்டு வரை, ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் விலை கூடினாலும், நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றையே வாங்குங்கள். நேராக மேல்நோக்கி வளரும் கிளையிலிருந்து ஒட்டியதா என்றும் கேளுங்கள். பக்கக்கிளை ஒட்டு உயராமல் புதர்போலப் படரும். மகரந்தத்துக்காக 10 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். ஏற்கெனவே ஆண் மரங்கள் அதிகம் இருந்தால் வெட்டி எறிய வேண்டாம். தண்டை வெட்டி, துளிர்க்கும் கிளையில் பெண் மரக் குச்சியை ஒட்டலாம்.

நடவும் பராமரிப்பும்

நான்கு தென்னைகளின் நட்டநடுவில் ஒரு கன்று நடுங்கள். 25 அடி இடைவெளியில் அது ஒவ்வொரு தென்னையிலிருந்தும் சுமார் 18 அடி தள்ளி நிற்கும். இரண்டு முதல் மூன்று அடிக் குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பி, பருவமழை தொடக்கத்தில் நடலாம். வெயில் அதிகம் படும் பக்கத்தில் வாழை வைத்தால் இளங்கன்றுக்குத் தற்காலிக நிழலாகும். ஜாதிக்காய் வேர் மேலாக ஓடுவதால் மரத்தடியில் ஆழமாகக் கொத்தாமல், காய்ந்த ஓலை, மட்டையால் மூடாக்கு போடுங்கள்.

ஊடுமரத்துக்குத் தனியாக உரமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். தென்னைக்கு ஊற்றுவதையே இரண்டும் பங்கிட்டால் தேங்காயும் குறையும், ஜாதிக்காயும் வராது. கோடையில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ, அதற்குத் தாங்கும் எண்ணிக்கையில் மட்டும் கன்று வாங்குங்கள். உங்கள் பகுதிக்கு ஏற்ற ரகம், மானியம் பற்றி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.