பெரியவர் முன் புகை: திருநகர் வட்டாரத்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

மதுரைப் பக்கம் புகைப்பதற்கென்று எழுதாத சட்டம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. யார் முன்னால் புகைக்கலாம், யார் முன்னால் கூடாது என்பதே அதன் சாரம். அப்பா, மாமனார், வாத்தியார், ஊர்ப் பெரியவர் என யாராவது எதிரே வந்தால் பீடி கீழே விழும். இல்லாவிட்டால் உள்ளங்கைக்குள் மடங்கி முதுகுக்குப் பின்னால் போகும். வந்தவரும் பார்க்காததுபோல் நடந்துவிடுவார். மகன் பீடி குடிப்பது தகப்பனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலைக்கு அவரை ஆளாக்காமல் இருப்பதுதான் மகன் செய்ய வேண்டிய மரியாதை.

புகையிலை போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. மதுரைச் சீமையில் அது நன்றாகப் பிடித்துக்கொண்ட இடம் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம். 1985இல் தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஸ்பென்சர் கம்பெனி அங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அந்த வகைச் சுருட்டு ‘டிரிச்சினாப்பள்ளி’ என்ற பெயரில் லண்டன் வரை போனது. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலையாளியைப் பற்றித் துப்புத் தருவது அதன் சாம்பல்தான். துரைமார்களின் கிளப்பில் பிடிக்கப்பட்ட அதே சுருட்டு, கிராமத்தில் கருப்பசாமிக்குச் சாராயத்தோடு படையலாகவும் வைக்கப்பட்டது. காவல் தெய்வம் யாருக்கும் பணிந்து புகையை மறைக்க வேண்டியதில்லை. ஊரில் யாருக்கும் இல்லாத அந்த உரிமையே அதன் அதிகாரத்தின் அடையாளம்.

பக்கத்தில் இருப்பவரின் சம்மதம் என்ற எண்ணம் ரயிலோடு வந்தது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கும், அடுத்து தூத்துக்குடிக்கும் பாதை போடப்பட்டது. திருநகரை அடுத்த திருப்பரங்குன்றம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே பெட்டியில் அடைந்து உட்கார்ந்தபோது, யார் பெரியவர் என்று பார்க்கும் பழைய வழக்கம் உதவவில்லை. 1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், புகைப்பதற்கென ஒதுக்காத பெட்டியில் உடன் பயணிப்பவர்களின் சம்மதமின்றிப் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம் என்றது. அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் அந்த விதியைச் சொல்லி எழுந்து நிற்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

பீடி பரவியதில் சுதேசி இயக்கத்துக்கும் பங்குண்டு. வெளிநாட்டு சிகரெட்டைப் புறக்கணித்தவர்கள் பீடிக்கு மாறினார்கள். மதுரையில் ஹார்வி மில்லும், தெற்கே அதன் தொழிலாளர் குடியிருப்பான ஹார்விபட்டியும், அதையொட்டித் திருநகரில் சீதாலட்சுமி மில்லும் வந்தபின், இந்த வட்டாரத்தின் புகைக்கும் நேரத்தை ஆலைச் சங்கு தீர்மானித்தது. பஞ்சு பறக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்; உள்ளே நெருப்பு ஆகாது. அதனால் ஷிப்டு விட்டதும் கூட்டம் டீக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் வந்தது. கடை ஓரத்தில் நுனி கனன்றபடி ஒரு கயிறு தொங்கும். பற்றவைக்க அதுவே பொது நெருப்பு. “அண்ணே, கொஞ்சம் நெருப்பு குடுங்க” என்று அறிமுகமில்லாதவரிடமும் கேட்கலாம், மறுப்பது முறையல்ல.

எதிரே வருபவருக்காகப் பீடியை மறைக்கும் மரியாதைக்கு ஒரு கொடிய முகமும் இருந்தது. மதுரையைச் சுற்றிய பல கிராமங்களில் தலித்துகள் ஆதிக்கச் சாதியினர் முன் தோளில் துண்டு போடக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பவற்றோடு பீடி புகைக்கவும் கூடாது என்றிருந்தது. அறுபது வயதுக்காரர், பதினாறு வயதுப் பையன் வருகிறான் என்று பீடியை எறிய வேண்டியிருந்தது. அதை மரியாதை என்ற பெயரில் விட்டுவிட முடியாது, அது அடக்குமுறை. வீட்டுக்குள்ளும் நியாயம் இல்லை. தன் அப்பா முன் பீடியை மறைத்த மனிதன், மனைவியும் கைக்குழந்தையும் இருந்த அறையில் தாராளமாகப் புகைத்தான். புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்ற கேள்வியே அந்தப் பழைய ஒழுங்கில் எழவில்லை.

மூக்குப்பொடிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொடி மட்டையைப் பெரியவரிடமே நீட்டலாம். புலவர்களும் அர்ச்சகர்களும் பாட்டிமார்களும் போட்டார்கள். முதலமைச்சர் அண்ணாவின் பொடிப்பழக்கம் நாடறிந்தது. பீடிக்கும் சிகரெட்டுக்கும்கூடச் சில இடங்களில் வரவேற்பு இருந்தது. இழவு வீட்டில் இரவு கண்விழிப்பவர்களுக்கு வெற்றிலையோடு பீடிக்கட்டும் தட்டில் வந்தது. வசதியான கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு சிகரெட் தட்டு வைக்காவிட்டால் குறை சொன்னார்கள்.

சிகரெட்டின் தோற்றத்தை மாற்றியது சினிமா. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் போன்ற அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் சிகரெட்டைத் திரையில் பார்த்தார்கள். எம்.ஜி.ஆர். திரையில் புகைப்பதைத் தவிர்த்தார். அவருடைய நாயகன் நல்லவன் என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. சிவாஜி, ‘சாந்தி’ (1965) படப் பாடல் ஒன்றில் சிகரெட்டைத் துயரத்தின் துணையாக்கினார். ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தில் ரஜினிகாந்த் அதைத் தூக்கிப்போட்டு உதட்டில் பிடித்தபோது, மறைக்க வேண்டிய பொருள் காட்ட வேண்டிய பொருளாயிற்று. தெருமுனையில் நாள் முழுக்க அதைப் பழகிய பையன்கள், அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள். 2002இல் ரஜினியின் ‘பாபா’ படத்தில் வந்த சிகரெட்டை பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் கடுமையாக எதிர்த்தார்; ‘சிவாஜி’யில் (2007) ரஜினி தூக்கிப்போட்டது சூயிங்கம். 2018இல் ‘சர்கார்’ முதல் சுவரொட்டியில் விஜய் கையில் சிகரெட் இருந்ததற்குச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்ப, அந்தச் சுவரொட்டி அகற்றப்பட்டது.

சட்டம் இதற்குள் இடத்தையும் மூச்சையும் கணக்கில் எடுத்திருந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. தமிழ்நாடு புகைத்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டமும், 2003இன் மத்தியப் புகையிலைச் சட்டமும் தொடர்ந்தன. அன்புமணி ராமதாஸ் மத்திய அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை கண்டிப்பாயிற்று. அபராதம் 200 ரூபாய் வரை. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பனை கூடாது. பீடியைக் கீழே போட வைத்த கண்கள் இப்போது அதிகாரியுடையவை.

சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் உருவாக்கிய மின்சிகரெட், பழைய மரியாதை, புதிய சட்டம் என்ற இந்த இரண்டு ஒழுங்குகளுக்கும் பிடிகொடுக்காமல் வந்தது. பேட்டரி, சூடேறும் கம்பிச்சுருள், நிகோடின் திரவம் ஆகியவை சேர்ந்தது அது. பேனா போலவும் பென்டிரைவ் போலவும் இருக்கும். சட்டையில் நெடி ஒட்டாது. பழ வாசனையோடு ஆவி கலைந்துவிடும். பீடியை எறிந்தவன் செய்த மரியாதையில் எதிராளிக்கும் பங்கிருந்தது. இதில் எதிராளிக்கு எதுவும் தெரியாததால், மறைப்பு வெறும் மறைப்பாகவே நிற்கிறது. பிரிட்டனில் புகையை விட முயல்வோருக்கான உதவியாக அரசு சுகாதார அமைப்பே இதை 2015இல் ஆதரித்தது. இங்கே, பள்ளிப் பிள்ளைகள் கையில் புதிதாக ஒரு நிகோடின் பழக்கம் வந்துவிடும் என்ற அச்சமே மேலோங்கியது. அந்த அச்சம் நியாயமானது.

தமிழ்நாடு அரசு 2018இல் இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அவசரச் சட்டமும், டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். புகைப்பவருக்கென்று தனித் தண்டனை அதில் இல்லை. மதுரை விமானநிலையத்திலிருந்து விமானம் போகும் சிங்கப்பூரிலோ, கையில் வைத்திருப்பதும் இழுப்பதுமே 2018 முதல் குற்றம். மலேசியா 2024 அக்டோபரில் பதினெட்டு வயது நிரம்பியோருக்கு மட்டும் விற்க அனுமதித்தது. 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த திருநகரில், இதை வெளிப்படையாக விற்கவோ கடையில் அடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை.